பொட்டு வைத்த கவர்

மருந்துக் கடைக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போன் செய்தார். "ஆன்லைன்ல மருந்து வாங்குறது எம்புட்டு ஆபத்துன்னு எழுதுங்கம்மா. முப்பது வருசம் கவுண்டர்ல நின்னவங்க நீங்க. போலி மாத்திரைக் கதை நாலு போட்டீங்கன்னா ஜனங்க பயந்துக்குவாங்க" என்றார். நான் பார்த்ததைத்தான் எழுதுவேன், பிடிக்காவிட்டால் போட வேண்டாம் என்றேன். "நீங்க எழுதுனா பிடிக்காம போகுமா?" என்று சிரித்தார். படித்த பிறகும் சிரிக்கிறாரா என்று பார்க்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வந்த போலி மாத்திரை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வந்திருக்கலாம், என் கண்ணில் படவில்லை. நான் நேரில் பார்த்த ஆபத்து ஒன்றே ஒன்று. அதில் பார்சலில் வந்த மாத்திரை அசல்.

மதுரையில் இரண்டு வருடம் மருந்தாளுநர் டிப்ளமோ படித்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பயிற்சி. படித்ததில் பாதி அடுத்த வருடமே மறந்துபோயிற்று. கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்ததும் நாகல் நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயே முப்பத்தொரு வருடம். வேறு கடைக்கு மாறவில்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம் என்பதுதான் பெரிய காரணம், விசுவாசம் கிசுவாசம் என்றெல்லாம் அளக்க மாட்டேன்.

எங்கள் முதலாளிக்குக் குரலே எழும்பாது. கல்லாவுக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் சீட்டை அவர்தான் முதலில் வாங்குவார். ஒருமுறை கண்ணால் படிப்பார், இன்னொரு முறை உதடு அசையப் படிப்பார். பிறகு எங்களிடம் தருவார். நாங்கள் அலமாரியிலிருந்து மருந்துகளை எடுத்து ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்ட வேண்டும். ஒன்று தப்பாக இருந்தால் எது தப்பு என்று சொல்ல மாட்டார். தட்டை எங்கள் பக்கம் தள்ளி "மொதல்லருந்து" என்பார். எல்லாவற்றையும் அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதுவும் வாங்க வந்தவர் கண் முன்னாலேயே. சேர்ந்த புதிதில் அந்த "மொதல்லருந்து" எனக்குக் கனவில்கூட வந்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும்.

மாத்திரை அட்டையை வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் முழு அட்டை வாங்குவது அபூர்வம். பத்து நாளைக்கு, ஐந்து நாளைக்கு, சில சமயம் இரண்டு வேளைக்கு என்று வெட்டித்தான் கேட்பார்கள். காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில் அச்சடித்திருக்கும். அந்த ஓரம் கடைசிவரை கடையில் இருக்க வேண்டும். அதனால் மறு ஓரத்திலிருந்து வெட்டுவோம். சட்டத்துக்கு அது சரி. ஆனால் வாங்கியவர் கைக்குப் போவது பெரும்பாலும் பாதிப் பெயர் உள்ள, அல்லது பெயரே இல்லாத ஒரு துண்டு. அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

துண்டைச் சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவோம். கவர் மேல் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. படிக்கத் தெரியாதவர்களுக்காக முதலாளி ஆரம்பித்தது, பிறகு வக்கீலுக்கும் வாத்தியாருக்கும்கூட அதுவே பழகிவிட்டது. வாரம் ஒரு முறை போட வேண்டிய மாத்திரை சிலருக்கு உண்டு. அதற்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். ஒரு கவருக்கு ஒரு மாத்திரை, மாதத்துக்கு நான்கு கவர். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய பொட்டு. பொட்டு வைத்திருந்தால் வெள்ளிக்கிழமை, அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டோம். பெண்கள் தலைக்குக் குளித்து விளக்கேற்றும் நாள் என்பதால் மறக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

பெரும்பாலும் அது மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையாக இருக்கும். விரல் மூட்டு, மணிக்கட்டெல்லாம் வீங்கி முடங்கிப்போகிற வாதத்துக்குக் கொடுப்பது. வாரத்துக்கு ஒன்று என்றால் மருந்து. தினம் ஒன்று என்றால் விஷம். இதே மருந்தை அதிக அளவில் புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவருக்கு யாரோ "இது கேன்சர் மாத்திரை" என்று சொல்லிவிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார். அடுத்த வருடம் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத நிலையில்தான் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகு முதலாளி ஒரு சட்டம் போட்டார். "கவர்ல எப்பன்னு போடு. எதுக்குன்னு சொல்லாத. பயந்துருவாங்க." அதில் நியாயம் இருந்ததால் நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அப்புறம் கைபேசிக் காலம் வந்தது. மருந்தை ஆன்லைனில் வாங்குவது பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று என்னைக் கேட்டால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயம், ஒவ்வொரு தைரியம் என்பேன். ஒரு ரிட்டையர்டு தாசில்தார் மாதா மாதம் ஆன்லைனில் வாங்குவார். பார்சல் வந்ததும் பிரிக்காமல் எங்கள் கடைக்குக் கொண்டுவந்து "இது ஒரிஜினலா பாருங்கம்மா" என்பார். எங்களை நம்பி எங்களிடம் வாங்கலாமே என்று கேட்டால், "அதுல பில்லு பக்காவா வருதே" என்பார். காய்ச்சல் மாத்திரையை ஆன்லைனில் வாங்கப் பயப்படுகிற அதே ஆள், சர்க்கரையை அடியோடு விரட்டும் என்று போனில் பார்த்த பச்சைப் பொடியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார். கவுண்டரில் பெண் நிற்கிறாளே என்று கூச்சப்பட்டுச் சில சமாச்சாரங்களைக் கேட்காமலே திரும்பிப் போன ஆண்களுக்கெல்லாம் போன் பெரிய விடுதலை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அது நிம்மதிதான். எல்லோருக்கும் பொதுவாக இருந்த பயம் ஒன்றுதான்: மாத்திரை போலியாக இருக்குமோ. எங்கள் கடை பாதுகாப்பு என்று நினைத்தவர்களும் அதே காரணத்தைத்தான் சொன்னார்கள், முகம் தெரிந்தவர்கள் போலியைத் தர மாட்டார்கள் என்று.

பாண்டியம்மாள் ஏழு வருடமாக எங்களிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம். ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் மல்லிகை போட்டிருந்தார். கணவர் இல்லை. முதல் தடவை வந்தபோது அவரால் சுருக்குப்பையின் கயிற்றை இழுக்க முடியவில்லை, நான்தான் பிரித்துக் கொடுத்தேன். மல்லிகை மொட்டைக் கிள்ளுவதற்கு விரல் நுனி வேண்டும், அதுவும் விடிவதற்குள் வேண்டும். ஆள் வைத்துப் பறித்தால் கட்டுப்படியாகாது. வெள்ளிக்கிழமை மாத்திரை ஆரம்பித்த நான்காவது மாதம் கடைக்கு வந்து, கவுண்டர் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து மடக்கிக் காட்டினார். "பாத்தியா தாயி, மடங்குது!" என்றார். அன்று முதலாளிகூடச் சிரித்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அவர் மகன் செல்வம் கடைக்கு வந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை. "அம்மா மாசாமாசம் பஸ் மாறி வந்து நிக்குதுக்கா, முட்டி முடியல. நான் சீட்டைப் போட்டோ பிடிச்சு ஆன்லைன்ல போட்டுட்டேன், வீட்டுக்கே வந்துரும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எந்த மாத்திரை எப்பன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். டாக்டர் எழுத்து எனக்குப் புரியல" என்றார்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "மருந்து விக்கிறவங்கதானே தம்பி அதச் சொல்லணும்? அங்கயே கேட்டுக்கங்க." அவர் போய்விட்டார். முதலாளி ஸ்டூலிலிருந்து என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம். ஏழு வருடம் பார்த்துப் பார்த்துக் கவர் போட்டுக் கொடுத்தவளை விட்டுவிட்டுப் போகிறவர்கள், போகும்போது அந்த வேலையை மட்டும் இலவசமாகச் செய்துகொடு என்கிறார்களே என்ற கோபம். ஐந்து நிமிட வேலை அது.

ஒரு மாதம் போயிருக்கும். பங்குனி வெயில். காலை பதினொரு மணி வாக்கில் பாண்டியம்மாள் தனியாக வந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"என்ன பாண்டியம்மா, இந்தப் பக்கமே ஆளக் காணோம்?" என்றேன். குத்தல்தான்.

"வாயெல்லாம் வெந்துபோச்சு தாயி. தண்ணி எறங்கல. சூடுன்னு நெனச்சு மணத்தக்காளிக் கீரை கடஞ்சு தின்னேன், எளநி குடிச்சேன். ஒண்ணுங் கேக்கல. ராவெல்லாம் காச்சல் வேற. தடவுறதுக்கு எதாச்சும் குடு."

வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜெல்லையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையையும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன். அந்த வெயிலில் அன்றைக்கு அது மூன்றாவது வாய்ப்புண். தட்டை முதலாளி பக்கம் நகர்த்திக்கொண்டே, வாய் சும்மா இருக்காமல், "வெள்ளிக்கெழம மாத்திரையெல்லாம் பார்சல்ல ஒழுங்கா வருதா?" என்று கேட்டேன். அக்கறையில் கேட்கவில்லை. குறை சொல்வார், கேட்டுக்கொள்ளலாம் என்றுதான்.

"அதத்தான் நிப்பாட்டிட்டாகளே" என்றார்.

"யாரு நிப்பாட்டுனா?"

"பார்சல்ல பொட்டு வச்ச கவரே இல்லையே. டாக்டரு வேணாம்னுட்டாரு போலன்னு விட்டுட்டேன்."

"அப்ப மஞ்சக் கலர் மாத்திரை?"

"அது சத்து மாத்திரைல்ல? ரெண்டு அட்டை அனுப்பிருக்கான். தெனம் காலைல ஒண்ணு போடுறேன்."

அந்த மருந்தோடு சேர்த்து, மற்ற நாட்களில் போடுவதற்கு ஒரு சத்து மாத்திரையும் கொடுப்பது வழக்கம். இரண்டும் சின்ன மாத்திரை, இரண்டும் மஞ்சள். சுருக்குப்பையைத் திறந்து அட்டைகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஒரு அட்டை பிரிக்காமல் முழுதாக இருந்தது, அது சத்து மாத்திரை. இன்னொன்றில் பத்துக் குழியில் ஒன்பது காலி. காலியானதைத் திருப்பிப் பெயரைப் படித்தேன். ஒன்பது வாரத்துக்கான மருந்தை ஒன்பது நாளில் சாப்பிட்டிருந்தார்.

அட்டையை முதலாளியிடம் நீட்டினேன். அவர் கண்ணால் ஒருமுறை படித்தார், உதடு அசைய ஒருமுறை படித்தார். பிறகு ஸ்டூலை விட்டு இறங்கினார். கடை நேரத்தில் அவர் ஸ்டூலை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. மூட்டு டாக்டருக்குப் போன் போட்டு மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், வாயில் புண், காய்ச்சல் என்று ஐந்தே விஷயம் சொன்னார். போனை வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போகணும் ஆத்தா, இப்பவே" என்றார்.

"வாய்ப்புண்ணுக்கா?" என்று கேட்டார் பாண்டியம்மாள். சாயங்காலம் பூச்செடிக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், கரண்டு வரும் நேரம், அதற்குள் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று ஆட்டோவில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூடவே ஏறினேன்.

ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் அநேகமாக இல்லை என்றார் டாக்டர். அந்த மருந்தை முறிக்கிற ஊசி ஒன்று உண்டு, எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அன்றைக்குப் பார்த்து ஊருக்குள் எந்தக் கடையிலும் அது இல்லை. முதலாளி மதுரையில் மொத்த வியாபாரியைப் பிடித்து, ஆரப்பாளையத்தில் கிளம்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னார். அவரே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, பார்சலை வாங்கி, சட்டையெல்லாம் வியர்வையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது மணி மூன்று. பார்சலைப் பிரித்து ஊசி மருந்தின் பெயரை இரண்டு முறை படித்த பிறகுதான் நர்ஸ் கையில் கொடுத்தார்.

பன்னிரண்டு நாள் பாண்டியம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றாம் நாள் டாக்டர் கையை விரித்துத்தான் பேசினார். தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. நான் தினமும் கடை முடிந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பயமாக இருந்தது. அவருக்காகப் பயம், எனக்காகவும் பயம்.

ஓசூரிலிருந்து ஓடிவந்த செல்வம் வராந்தாவில் நின்று கத்தினார். "போலி மாத்திரைய அனுப்பிட்டானுங்கக்கா! விடமாட்டேன், கேசு போடப் போறேன்." அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆன்லைனில் வாங்கினால் இப்படித்தான் என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். எங்கள் வீதியில் கடை வைத்திருக்கும் ஒருவர், இதைப் பேப்பரில் போட வேண்டும் என்று துடித்தார். நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். செல்வத்தை ஓரமாகக் கூப்பிட்டு அந்தக் காலி அட்டையைக் கையில் கொடுத்தார்.

"மாத்திரை அசல், தம்பி. நாங்க குடுக்கிற அதே கம்பெனி மாத்திரைதான்."

"அப்புறம் ஏன் சார் இப்படி ஆச்சு?"

"வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியது. அத எங்க கவர் மட்டுந்தான் அவங்களுக்குச் சொல்லுச்சு. எது அந்த மாத்திரை, ஏன் வாரத்துக்கு ஒண்ணுன்னு நாங்க வாயால சொன்னதில்ல."

அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அது அச்சடித்திருந்தது. செல்வம் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "நீங்க கேட்டப்ப நான் எழுதிக் குடுத்திருக்கணும் தம்பி. கோவத்துல மாட்டேன்னுட்டேன்" என்றேன். அவர் என்னைத் தாண்டி அம்மா படுத்திருந்த அறைக்குள் போய்விட்டார். இன்றுவரை அவர் என்னிடம் பேசியதில்லை. அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் கடை திறந்ததும் முதலாளி எங்களைப் பார்த்து, "இனிமே கவர்ல பேரும் எழுது. எதுக்குன்னும் சொல்லு" என்றார். அத்தனை வருடச் சட்டத்தை எடுத்துவிட்டு, அடுத்த சீட்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பாண்டியம்மாள் கடைக்கு வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மாத்திரையை நிறுத்தியதால் விரல்கள் மறுபடி வீங்கி, பழையபடி மடங்காமல் நின்றன. பூவைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் பறிக்கிறார்கள், பறிக்கிற கூலிக்கே பூ சரியாகிவிடுகிறது என்றார். குறைந்த அளவில் அதே மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனும் வாங்கி அனுப்பிவிட்டார். நான்கு நாளாக அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம், வாயில் போடத் துணிவு வரவில்லை.

"ஏந்தாயி, அந்தச் சிவப்புப் பொட்டு என்னத்துக்குன்னு ஏழு வருசத்துல ஒருநா எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, மருந்து வாங்க வந்த ஒருவருக்குப் பக்கத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெயரைச் சொன்னேன். விரலுக்கு என்ன செய்கிறது, ரத்தத்துக்கு என்ன செய்யும், ஏன் வாரத்துக்கு ஒன்று, என்ன தெரிந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று சொன்னேன். புற்றுநோய்க்கும் இதைக் கொடுப்பார்கள், உங்களுக்கு அந்த நோய் இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லும்போது ஸ்டூல் பக்கம் பார்த்தேன். முதலாளி சீட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

பாண்டியம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். மருந்தின் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லி, தன் வாயில் நுழைந்தபடி திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அம்புட்டுத்தானா?" என்றார். "இதுல பயப்பட என்ன இருக்கு? வெள்ளிக்கெழமைதான் போடணும், மத்த நாளு தொடக்கூடாது. இதக்கூடவா எனக்குப் புரியாதுன்னு நெனச்சீக?"

அட்டையில் அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

"கோவிச்சுக்காத தாயி, இனிமேயும் மகன் போன்லயேதான் வாங்கி அனுப்புவான். அதுல அட்டை முழுசா வருது, பேரு போட்டு வருது. ஊர்லயே பேத்தி ஒருத்தி ஏழாவது படிக்கிறா, வாசிச்சுச் சொல்லிருவா. ஒங்க துண்டுல வாசிக்க என்ன இருக்கு?"

சுருக்குப்பையின் கயிற்றை இழுக்க முயன்றார், விரல் ஒத்துழைக்கவில்லை. நான் இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, தான் கொண்டுவந்திருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தரச் சொல்லி, என் முன்னாலேயே போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எங்கள் கடையில் ஒன்றும் வாங்கவில்லை.